சிவப்பு வலது, நீலம் இடது

முகாம் மைதானத்தின் கேட்டைத் திறந்துவிட வந்தவர் மழைக்கோட்டுக்குள் இருந்தபடியே, "இந்த நேரத்துல யாரும் வரமாட்டாங்களே" என்றார். அவர் நின்றது டிரைவர் பக்கத்து ஜன்னல் ஓரம். என் கணவர் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, "என்ன?" என்றார். "சீசன் முடிஞ்சுபோச்சு. பின்னாடி இருக்கற பாத்ரூமெல்லாம் பூட்டியாச்சு, முன்னாடி ஒண்ணுதான் திறந்திருக்கு." "என்ன?" என்றார் மறுபடியும். மழைக்கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எட்டிக் குனிந்து, "பரவாயில்லைங்க, ஒரு ராத்திரிதான்" என்றேன். அவர் கேட் சாவியை நீட்டி, மேட்டுப் பக்கம் போகாதீர்கள், பாறைக்குக் கீழே கொஞ்சம் மறைவு இருக்கிறது, அங்கே கூடாரம் போடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு முழ தூரத்தில் நின்று பேசியது இவருடைய வலது காதுக்கு எட்டவில்லை. அது நல்ல காது. நல்ல காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். காற்று கேட்கவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காற்றும் அப்படித்தான் அடித்தது, கேட்டின் தகரப் பலகை ஓயாமல் தடதடத்தது.

நான் காது பரிசோதிக்கிறவள். பதினேழு வருஷமாக ஒரே மருத்துவமனையில், ஒரே கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதை நான் கட்டம் போட்ட தாளில் குறிப்பேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஹெட்ஃபோனிலும் அதே கணக்குதான்: சிவப்பு வலது, நீலம் இடது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டிரைவர்கள். ஜன்னல் ஓரத்தில் இருக்கும் காதுதான் அவர்களுக்கு முதலில் போகும். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வலது காது. தாளைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன், அவர்களும் ஏதோ ஜோசியம் பார்த்த மாதிரி வாயைப் பிளப்பார்கள்.

என் கணவர் இருபத்தாறு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டியவர். இப்போது டிப்போவில் புதுசாகச் சேருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். போன வருஷம் அவருடைய அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆனபோது, நான் எதைச் சொன்னாலும் "என்ன, என்ன" என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் துக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று ஹெட்ஃபோன் மாட்டுவதுதான் என் பழக்கம். அன்று அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, தலையைக் குனிந்து, நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு நேராக நிற்க எனக்குப் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்தபடி அவசர அவசரமாக மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முடிவைச் சொன்னபோது அவர் வலது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இடதா?" என்று கேட்டார். "இடதுதான்" என்றேன். "எனக்கென்னவோ..." என்று இழுத்தவர், "சரி, உன் மெஷினுக்குத் தெரியாததா" என்று முடித்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்கலாம், கருவி வைக்கலாம் என்றால், இன்னொரு காது சும்மாவா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பஸ் டிரைவருக்கு இடது காது போவது எப்படி என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. எப்போதோ பட்ட அடியாக இருக்கும், பிறவியிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் படுக்கும் பக்கத்தை மாற்றினேன், சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலியை அவருக்கு வலப்பக்கம் இழுத்துப் போட்டேன். அப்படியும் அவர் "என்ன, என்ன" என்றுதான் கேட்டார். மனுஷனுக்குக் கவனமே இல்லை என்று எரிந்து விழுவேன்.

காரில் மட்டும் நான் இடப்பக்கம். அதற்கு மாற்று இல்லை.

பரிசோதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சின்னச் சோதனை செய்தேன். தொழில் புத்தி. உதட்டை அதிகம் அசைக்காமல், "வீட்டுல கேஸ மூடாம வந்துட்டோம்" என்றேன். வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும், குறைந்தது பிரேக்காவது போட்டிருக்க வேண்டும். அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது முகத்தைத் திருப்புகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிம்மதி வந்தது. சிக்னலில் நின்றபோது அதே குரலில், "உங்க அண்ணன் போன் பண்ணாரு" என்றேன்.

அவர் போன் செய்தது உண்மை. ஒன்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நாளில் இவர் பாதி வழியில், பஸ் நிறைய ஆட்களோடு இருந்தார். நடுரோட்டில் இறக்கிவிட்டு வர முடியாது. கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடிவந்தார். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலிலேயே அண்ணன் மறித்து, "டைம் கீப்பர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். இருபது டன் வண்டியைத் திருப்புகிற இவருடைய கை, சட்டைப் பொத்தானை இரண்டு தடவை தப்பான துளையில் மாட்டியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து பெரியவரான அண்ணனைக் கண்டால் எனக்கும் ஆகாது.

ஒன்பது வருஷத்தில் எல்லாருடைய நம்பரும் மாறிவிட்டது, என்னுடையது மட்டும் மாறவில்லை. போன வருஷம் ஒரு சாயங்காலம் பெரியவர் அதில் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "நல்லா இருக்கியாம்மா" என்றுகூடக் கேட்கவில்லை. "அவன்கிட்ட குடு" என்றார். இவர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்டது. "வெளிய போயிருக்காரு" என்றேன். அவர், "பழைய கூடாரத்த எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போலாமான்னு கேட்டேன்னு சொல்லு. கூட்டமில்லாத நேரமா பாத்து, முன்ன மாதிரி" என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கு அவன் பஸ்ஸ பாதியில விட்டுட்டு வந்திருந்தா, அப்பாவே அவன மன்னிச்சிருக்க மாட்டாரும்மா. தப்பு எம்மேலதான். அதையும் சொல்லிடு."

நான் சொல்லவில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் "யாரு போன்ல?" என்று கேட்டதற்கு, தவறான நம்பர் என்றேன். கொஞ்சம் காத்திருக்கட்டும், இன்னொரு தடவை கூப்பிடட்டும், இவரை வாசலில் நிறுத்தி வைத்தவர்தானே என்று நினைத்தேன். இவருக்காகத்தான் செய்கிறேன் என்று ஒரு நியாயம் வேறு. பெரியவர் திரும்பக் கூப்பிடவில்லை. பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதமாகவே உடம்பு சரியில்லையாம், எங்களுக்கு யார் சொல்வார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் இவர் அண்ணியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா அண்ணி?" அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். நான் ஒரு கை தூரத்தில், கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அன்றைக்கு மேல் சொன்னால் அது சேதி இல்லை, குற்றம். குற்றத்தை ஒப்புக்கொள்வதை யார் நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டார்கள்?

அதனால் இடது காதில் சொன்னேன். பதினோரு மாதமாக, காரில் ஏறும்போதெல்லாம். காய்கறிக் கடைக்குப் போகும் பத்து நிமிஷத்தில்கூட. கேட்க வேண்டியதைச் சத்தமாகக் கேட்பேன், பெட்ரோல் இருக்கிறதா, அடுத்த தெருவில் திரும்ப வேண்டுமா என்று. நடுவில் குரலை இறக்கிக்கொண்டு என் பாட்டுக்குப் பேசுவேன். போன் வந்ததைச் சொன்னேன். குளித்துக்கொண்டிருந்தவரை வெளியே போயிருக்கிறார் என்றதைச் சொன்னேன். கூடாரத்தைச் சொன்னேன். கூடவே வேறு குப்பையும் போகும்: அவருடைய குறட்டை, டிப்போ நண்பர் ஒருவரின் வழிசல், எனக்கு நரைத்தது அவருக்குத் தெரியவேயில்லை என்பது. கடைசி வாக்கியத்தை மட்டும், தப்பு எம்மேலதான் என்று பெரியவர் சொன்னதை மட்டும், கேட்காத காதுக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அது வரை வருவேன், வந்து நின்றுவிடுவேன். இவர் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அதை என் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருநாள் பரணிலிருந்து எதையோ இறக்கினார். காக்கி நிறப் பை. தூசியைத் தட்டிவிட்டு, "பழைய கூடாரத்த எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போலாமா? கூட்டமில்லாத நேரமா பாத்து" என்றார். கையிலிருந்த கரண்டியை நான் கீழே போடாதது ஆச்சரியம். ஒரு எழுத்து மாறவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் என்று சமாளித்துக்கொண்டேன். ஆனால் இதுதான் சமயம் என்றும் பட்டது. இந்தப் பயணத்தில், அவர் வண்டி ஓட்டாத நேரமாகப் பார்த்து, வலப்பக்கம் நின்று, கேட்கும் காதில் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் பேசாவிட்டாலும் சரி. பேசாமல் இருப்பதில் அந்தக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம் என்று தெரிந்துதானே இருக்கிறேன்.

கடலோரச் சாலை பாறையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் செங்குத்தாக மலை, மறுபக்கம் கால் வைக்க இடமில்லாத சரிவு, கீழே கறுப்புப் பாறைகளில் அலை மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகிய மனிதர் எதிரே வண்டியே வராத சாலையிலும் அடித்துக்கொண்டு வந்தார். கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. முதல் நாள் மழை, கூடாரம் போட முடியாமல் காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்தோம். எனக்கு மறுபடியும் இடப்பக்கம், நல்லதாகப் போயிற்று என்று தூங்கினேன். இரண்டாம் நாள் வெயில் வந்தது. கையடக்க அடுப்பில் முட்டை வேகவைத்து, உரித்து, உப்புத் தொட்டு என்னிடம் நீட்டினார். உட்கார்ந்திருந்த பாறையைத் தட்டி, இதே பாறைமேல் அண்ணன் ஒருமுறை வழுக்கி விழுந்து, எழுந்து, விழவே இல்லை என்று சாதித்ததைச் சொல்லிச் சிரித்தார். பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த வாயில் அண்ணன் என்ற வார்த்தை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பதும் பொய்தான். தைரியம் வரவில்லை.

இது மூன்றாம் நாள், கடைசி இடம். நாளைக்கு வீடு.

மழைக்கோட்டுக்காரர் காட்டிய பாறை மறைவில் கூடாரத்தை விரித்தோம். கம்பிகளில் அண்ணன் பெயிண்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தார், மூன்றாவது கம்பியில் மட்டும் எண் தலைகீழாக இருந்தது. "இதுக்கு அன்னிக்கு பெரிய சண்டை" என்றார் இவர். கம்பளிக் குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு, நடுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முளைகளைக் கல்லால் அடித்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே வந்தேன். மூன்று கயிறு கட்டியாயிற்று. நாலாவதைக் கட்டாமல் எழுந்து, அவருக்கு வலப்பக்கம் போய் நின்றேன். கம்பியை விட்டால் கூடாரம் பறந்துவிடும், அவரால் நகர முடியாது. அது எனக்குத் தோதாக இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "உங்க அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. போறதுக்கு முன்னாடி."

"என்ன?"

"உங்க அண்ணன் போன் பண்ணாரு."

"காத்துல ஒண்ணும் கேக்கல. கயிறு பத்தலையா?"

பதினோரு மாதம் முணுமுணுத்ததை இப்போது கத்திச் சொல்ல வேண்டுமா? கத்தினேன். "உங்க அண்ணன் எனக்கு" என்று ஆரம்பித்ததும், ஒரு சுற்று வந்துவிட்டுக் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மழைக்கோட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்படியே நிறுத்திக்கொண்டேன். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

இவர் முகத்தை முழுக்க என் பக்கம் திருப்பி, என் உதட்டைப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார், தலையை இடப்பக்கம் அசைத்து.

"அந்தப் பக்கம் உங்களுக்குக் கேக்காது."

"இந்தப் பக்கம்தான் கேக்கும்."

"நான்தானே பாத்து எழுதினேன்" என்றேன். "இடதுன்னு."

"மாத்தி எழுதிட்ட" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. டிப்போவில் புதுப் பையன் கியரை மாற்றிப் போட்டால் சொல்வாரே, அந்தக் குரல். "எனக்கும் அன்னிக்கே சந்தேகம்தான். நீ படிச்சவ, மெஷினு வேற சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு அவர் தலையைக் குனிந்தது கண்முன் வந்தது. எதிரே நிற்கிறவருடைய வலது என் இடது. பதினேழு வருஷத்தில் ஒருவருக்கும் செய்யாத பிழையை, கண்ணைப் பார்க்க முடியாத ஒரே காரணத்துக்காக, இவருக்குச் செய்திருக்கிறேன். சிவப்பை நீலத்தின் இடத்தில் மாட்டியிருக்கிறேன். நல்ல காதுக்கு வருஷம் முழுக்கப் பேசிவிட்டு, செவிட்டுக் காதுப் பக்கம் படுத்துக்கொண்டு, ஏன் கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன்.

"உறுதியா எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"கேஸ மூடலன்னு சொன்னியே, அன்னிக்கு."

"நீங்க திரும்பவே இல்லையே."

"மூடினது நான்தானே. எதுக்குத் திரும்பணும்."

சிரித்திருக்க வேண்டிய இடம். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சிக்னலில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் சொன்னது. குளியலறை, வெளியே போயிருக்காரு, தவறான நம்பர், கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒவ்வொன்றையும் அவர் ரோட்டைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டிருக்கிறார். வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். பரணில் ஏறிக் கூடாரத்தை இறக்கியது ஒரே வயிற்றில் பிறந்ததால் அல்ல. அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், இவர் வந்திருக்கிறார். ஒரு வருஷம் தாமதமாக, பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொண்டு. இந்த முறையும் தாமதத்துக்கு அவர் காரணமில்லை.

"அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றேன். "திட்டியிருக்கலாம். அடிச்சிருந்தாக்கூட..."

"கேட்டிருந்தா நீ பேசறத நிறுத்தியிருப்ப."

அலை ஒன்று பாறையில் மோதியது. நாலாவது கயிறு கட்டாத மூலை படபடத்து அடித்துக்கொண்டது. அவர் கம்பியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"கோவம் வந்துச்சு" என்றார் பிறகு. "இல்லன்னு சொல்லல. ரெண்டு மாசம் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. நீயும் குழம்பு சரியில்லன்னு நெனச்சுக்கிட்ட." சாய்ந்த கம்பியை நிமிர்த்திப் பிடித்தார். "ஆனா அண்ணன் பேசினத உன்கிட்ட இருந்துதான் கேக்கணும். வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்? நீ பாதிப் பாதியா சொல்லுவ. கூடாரம் வரைக்கும் வருவ. அதுக்கப்புறம் அவன் இன்னொண்ணு சொன்னான்னு ஆரம்பிச்சு நிறுத்திடுவ. எத்தனையோ தடவ வேணும்னே சுத்து வழியில போயிருக்கேன், சொல்லி முடிக்கட்டும்னு. காய்கறிக் கடைக்கு ஆத்துப் பாலம் வழியா எதுக்குப் போறோம்னு நீகூட கேட்டியே."

கேட்டேன். சத்தமாகக் கேட்டேன், சத்தமாகக் கேட்க வேண்டிய விஷயம் என்று நினைத்து. அவர், "பழைய பாலத்தப் பாத்து நாளாச்சு" என்றார். பாலம் தாண்டியும் நான் சொல்லி முடிக்கவில்லை.

"அவன் என்ன திட்டியிருந்தாலும் பரவாயில்ல" என்றார். "அதுக்குத்தான் நீ மறைக்கறன்னு எனக்கு ஒரு எண்ணம். திட்டினதாவே இருக்கட்டும். சொல்லிடு."

இத்தனை நாளும் அண்ணன் கடைசியாகத் திட்டிவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார். நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்தேன். எனக்கும் அவருடைய இடப்பக்கத்துக்கும் நடுவில் கட்டிய மூன்று கயிறுகளும் முழங்கால் உயரத்தில் விறைப்பாக இழுபட்டுக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் கயிற்றைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவர் கம்பியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் குல்லாவின் இடது ஓரத்தை மடித்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காற்று அதைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. கடைசியில் அதை விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் காதை என் பக்கமாகச் சாய்த்தார்.